லத்தீனோ பால்புதுமையினரின் தன்வரலாறுகளை யாழ்ப்பாணத்தில் கூடியிருந்து வாசிக்க

லத்தீனோ என்றால் லத்தீன் அமெரிக்காவை வேராகக் கொண்டவர்கள்; பால்புதுமையினர் என்றால் தன்பாலினரை விரும்புகிறவர்கள், இருபாலினரையும் விரும்புகிறவர்கள், திருநர் போன்றவர்கள். அவர்கள் தங்கள் வாழ்க்கையை எழுதிய புத்தகங்களுக்கு ஒரு வாசிப்பு வட்டம் நடத்த, முதலில் ஆட்கள். 8 பேர், மிஞ்சினால் 9. அதற்கு மேலே போனால் இரண்டு பேர் கதைப்பார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, சனிக்கிழமை பின்னேரம் 3.30க்குத் தொடங்கி 5.15க்கு முடியுங்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் இருட்டமுதல் வீடு போய்ச்சேர வேண்டியவர்களும்தான் முதலில் நின்றுவிடுவார்கள். பெரும்பாலும் இந்தப் புத்தகங்கள் மிகவும் தேவைப்படுகிறவர்களும் அவர்கள்தான். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கூட்டம் வேண்டாம்.

விறாந்தையில் இருந்து வாசிக்க வேண்டாம். உரத்து வாசித்தால் ஒழுங்கையால் போகிறவருக்கும் கேட்கும். கதவு சாத்தக்கூடிய அறை, ஒரு மின்விசிறி, வட்டமாகக் கதிரைகள் போதும். வட்ஸ்அப் குழு தொடங்கினால் எல்லாருடைய இலக்கமும் எல்லாருக்கும் தெரியும். ஆகவே ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போகிற புரோட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள். உங்கள் இலக்கத்தைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச்சேரும் என்பதால் முதலில் அதைச் சேமிக்கச் சொல்லுங்கள். 'சனி 3.30, 40ஆம் பக்கம்வரை' என்றளவில் செய்தி இருக்கட்டும். போனை வீட்டில் வேறு யாரும் எடுத்துப் பார்க்கலாம். படம் எடுப்பது கூடவே கூடாது. இப்படிக் கூடுவது சட்டத்துக்கு மாறா என்று கேட்பார்கள்: இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் பாலுறவுச் செயல்களைப் பற்றியவை, கூடி வாசிப்பதைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை. பயம் பொலிசைவிட வீட்டாலும் அயலாலும்தான் வரும். அதற்கு ஏற்றபடி நடந்துகொள்ளுங்கள்.

மூன்று பிரதிகள் வாங்குங்கள். ஒருவரிடம் 4 நாள், பிறகு அடுத்தவரிடம். 12 நாளில் 9 பேரும் வாசித்துவிடலாம். பள்ளிக்கூடக் கொப்பிக்குப் போடுகிற மண்ணிறத்தாள் உறையைப் போட்டுவிடுங்கள்.

முதல் புத்தகமாக டெய்சி ஹெர்னாண்டெஸின் 'எ கப் ஒஃப் வோட்டர் அண்டர் மை பெட்' (2014) நல்ல தெரிவு. தாய் கொலம்பியா, தகப்பன் கியூபா, வளர்ந்தது நியூ ஜெர்சியில். பெற்றோருக்காக ஆங்கிலத்தில் கதைத்துக்கொடுக்கிற பிள்ளை. கட்டிலுக்குக் கீழே வைக்கிற தண்ணீர்க் கோப்பை, தீங்கு அண்டாமல் இருக்க. அந்தப் பக்கத்தில் நிறுத்தி, உங்கள் வீட்டில் நாவூறு கழிக்க என்ன எடுப்பார்கள் என்று கேளுங்கள். செத்தல்மிளகாயும் உப்பும் வரும், வாய்கள் திறக்கும். பிறகு, டெய்சி ஆண்களையும் பெண்களையும் விரும்புகிறவள் என்று தெரிந்து கதைப்பதையே நிறுத்திய சித்தியிடம் வாருங்கள். இந்த வரிசை முக்கியம். நேரே சித்தியில் தொடங்கினால் அறை இறுகிவிடும்.

ஒரு அமர்வுக்கு 20 பக்கம். இருவர் முன்கூட்டியே ஆயத்தம் செய்து, இரண்டு பந்தியை ஆங்கிலத்தில் வாசித்து, பேச்சுத்தமிழில் சொல்ல வேண்டும். ஸ்பானியச் சொற்களை உடனே தமிழாக்க வேண்டாம். றிகோபேர்ட்டோ கொன்சாலெஸின் 'பட்டர்ஃபிளை போய்' (2006) இதற்குச் சரியான பாடம். ஸ்பானிய மொழியில் 'மரிபோசா' என்றால் வண்ணாத்திப்பூச்சி; ஆண்களை விரும்பும் ஆணை இழிவாகச் சுட்டுகிற சொல்லும் அதுதான். வண்ணாத்திப்பூச்சி என்று மட்டும் எழுதினால் அழகு நிற்கும், அடி போய்விடும். 'ஒன்பது' என்ற வெறும் எண் இங்கே ஒருவரை எப்படிக் கூனிக் குறுக வைக்கிறது என்பதை நினைவூட்டினால் எல்லாருக்கும் விளங்கும். அதுக்குப் பிறகு மரிபோசா என்றே விட்டுவிடலாம்.

யாழ்ப்பாணத்தில் அடிக்கடி பிழைக்கிற இடம் வேறு. இடப்பெயர்வு, சிறை, பிரிந்துபோன தாய் என்றால் எங்களுக்கு உடனே பிடிபடும். பேச்சு எங்கள் போருக்குப் போய், புத்தகத்தில் இருந்த காதல் காணாமல் போய்விடும். கியூப எழுத்தாளர் றெயினால்டோ அரேனாஸின் தன்வரலாறான 'பிஃபோர் நைட் ஃபோல்ஸ்' இதைத் தடுக்கும். 1980இல் மரியேல் துறைமுகத்தால் கியூபாவை விட்டுப் போனவர்களில் அவரும் ஒருவர். எழுத்தாளராக அவருக்கு வெளியேற அனுமதி கிடைத்திருக்காது. வேண்டாதவர்கள் என்று அரசு கருதியவர்களைப் போக விட்டார்கள். ஆகவே பொலிசில் போய்த் தான் ஓர் ஓரினச்சேர்க்கையாளர் என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினார். போக விடக்கூடாதவர்களின் பட்டியலில் பிடிபடாமல் இருக்க, கடவுச்சீட்டில் தன் பெயரின் 'அரேனாஸை' 'அரினாஸ்' ஆக மாற்றினார். ஓர் எழுத்து. இந்த இரண்டு பக்கத்தையும் உரத்து வாசித்தால், படகை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியாது. ஆனால் இதை மூன்றாவது புத்தகமாக வையுங்கள். சிறையும் வெளிப்படையான பாலுறவும் எயிட்ஸும் தற்கொலையும் உண்டு. எந்தப் பக்கங்களில் என்று ஒரு கிழமை முன்னரே சொல்லுங்கள். விரும்பாதவர் காரணம் சொல்லாமல் அன்று வராமல் விடலாம்.

'நீங்களும் அப்படியா?' என்ற கேள்விக்கு இடமே கொடுக்கக் கூடாது. பகிடியாகக் கேட்டாலும் நடத்துபவர் உடனே மறித்து, "தம்பி, புத்தகத்துக்கு வாங்கோ, இந்தப் பக்கத்தில அவர் என்ன செய்யிறார்?" என்று திருப்ப வேண்டும். யாராவது தாமாகச் சொன்னால் கேளுங்கள், நன்றி சொல்லுங்கள், அடுத்த பந்திக்கு அவசரப்பட வேண்டாம். அன்றைக்கு 20 பக்கம் முடியாவிட்டால், மிச்சத்தை அடுத்த அமர்வுக்கு வையுங்கள்.