பெங்களூரில் வேனில் தங்கிப் படிக்க: முதலில் இடம், அப்புறம்தான் வண்டி

வேனில் தங்கிப் படிக்கப் போகிறேன் என்று வருகிற தம்பி தங்கைகள் எல்லோரும் முதலில் கேட்பது எந்த வண்டி வாங்கலாம் என்றுதான். வண்டியை அப்புறம் பார்க்கலாம். இரவு பத்து மணிக்கு எங்கே நிறுத்துவீர்கள், காலை ஆறு மணிக்கு எங்கே குளிப்பீர்கள், இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்காமல் வண்டியில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். எம்.எஸ்சி. படித்த இரண்டு வருடமும் நான் அப்பாவின் பழைய மாருதி ஆம்னி வேனில்தான் இருந்தேன். முதல் மூன்று வாரம் பட்ட பாடு முழுக்க இந்த வரிசையை மாற்றிச் செய்ததால் வந்தது.

பெங்களூரில் வீட்டுக்குப் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். இப்போது அதைக் குறைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் மொத்தமாக எடுத்து வைக்க எங்கள் வீட்டில் முடியாது. பிஜியில் (சாப்பாட்டோடு தங்கும் பேயிங் கெஸ்ட் விடுதி) மூன்று பேர் அறைக்கு எட்டாயிரம் சொன்னார்கள். வேனுக்கு நான் கொடுத்தது நிறுத்தும் இடம், பாத்ரூம், கரண்ட் எல்லாம் சேர்த்து மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு. வண்டி வீட்டிலேயே இருந்ததால்தான் இந்தக் கணக்கு சரியாக வந்தது. கடன் வாங்கி வண்டி எடுக்க வேண்டிய நிலை என்றால் வட்டி, இன்சூரன்ஸ், ரிப்பேர் மூன்றையும் எழுதிப் பாருங்கள், பிஜியே மலிவாக இருக்கலாம்.

தெருவில் நிறுத்தித் தூங்க வேண்டாம். ரோந்து வந்து கண்ணாடியைத் தட்டினால் அன்றைய தூக்கம் போச்சு, அதைவிட யார் தட்டுகிறார்கள் என்றே தெரியாத பயம் பெரிது; பெண்களுக்கு இதை இரண்டு மடங்கு அழுத்திச் சொல்கிறேன். அல்சூர், மர்பி டவுன், லிங்கராஜபுரம், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் பக்கமெல்லாம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பழைய வீடுகளில் கேட்டுக்குள் ஒரு வண்டி நிற்க இடமும், வெளிப்பக்கம் தனி பாத்ரூமும் இருக்கும். புரோக்கரிடம் போகாதீர்கள், மளிகைக் கடையிலும் இஸ்திரிக்காரரிடமும் கேளுங்கள். எனக்கு அப்படித்தான் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு அக்கா வீடு கிடைத்தது. "இங்கே ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை திறந்த வருஷம் கட்டின பாத்ரூம் தம்பி, 2009, இன்னும் ஒரு சொட்டு ஒழுகாது" என்று குழாயைத் திறந்து காட்டினார். எத்தனை மணிக்குள் குளிக்க வேண்டும், கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், நண்பர்கள் வரலாமா, இதையெல்லாம் அன்றைக்கே ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். கடைசிவரை ஒரு மனஸ்தாபமும் வரவில்லை.

சரி, வண்டி. ஆம்னி 2019இல் நின்றுபோனது, அதனால் கிடைப்பது பழையதுதான். வசதி இருந்தால் மாருதி ஈகோ பாருங்கள், கொஞ்சம் நீளம், கொஞ்சம் அகலம். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருடம், அதற்கு மேல் போனதை வாங்கினால் புதுப்பித்திருக்கிறார்களா என்று ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழ்) பாருங்கள். உள்ளே வெல்டிங், சீட் கழற்றுவது எதுவும் வேண்டாம். ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்கிறது. நான் பின் சீட்டை மடக்கி, அதன் மேல் மடக்குக் கால் வைத்த பிளைவுட் பலகை போட்டேன். அடியில் நான்கு பிளாஸ்டிக் கிரேட், துணி ஒன்றில், புத்தகம் இரண்டில், மீதி ஒன்றில். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, ஓட்டி வந்து நிறுத்திய பிறகும் அந்தப் பக்கம் நெடுநேரம் சூடாகவே இருக்கும், அதனால் தலையைப் பின்கதவுப் பக்கம் வைத்துப் படுங்கள்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், ஏப்ரலைத் தவிர இரவில் சூடு பெரிய தொல்லை இல்லை. ஈரம்தான் தொல்லை. செப்டம்பர் மழையில் ஒரு நாள் எல்லாக் கண்ணாடியையும் இறுக்க மூடிப் படுத்தேன். விடிந்து பார்த்தால் கூரைத் தகட்டில் முத்து முத்தாகத் தண்ணீர், என் மூச்சுதான் அது, ஒவ்வொன்றாக வழிந்து ரெக்கார்டு நோட்டில் மை கரைந்து கிடந்தது. அன்றிலிருந்து எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் இரண்டு விரல் அளவு திறந்துவைப்பேன், வெல்க்ரோவில் ஒட்டிய கொசுவலை உள்ளே, மழைத் தடுப்பு வெளியே. இலவம் பஞ்சு மெத்தை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஃபோம் மெத்தை போட்டு அடியில் கோரைப்பாய் விரித்தால் காற்று ஓடும்.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். இன்ஜினை ஓட விட்டுத் தூங்கவே கூடாது, வண்டிக்குள் கேஸ் அடுப்போ கரி அடுப்போ பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். நான் உள்ளே சமைத்ததே இல்லை. காலையில் அரசின் மலிவு விலை இந்திரா கேன்டீனில் இட்லி, மதியம் காலேஜ் மெஸ், இரவு அக்கா வீட்டுத் திண்ணையில் கரண்ட் குக்கரில் சாதம், தயிர், ஊறுகாய்.

கரண்டுக்குத் தனி பேட்டரி வையுங்கள், வண்டியின் சொந்த பேட்டரியை உறிஞ்சினால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. 12 வோல்ட் 100 ஆம்பியர் ஹவர் என்றால் 1,200 வாட் ஹவர். ஈய பேட்டரி என்றால் பாதிக்குமேல் எடுக்காமல் 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 வாட் ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 120, லேப்டாப்பை இரண்டு தடவை சார்ஜ் செய்ய ஒரு 120, விளக்கும் போனும் சேர்த்து 50, ஒரு ராத்திரி தாராளமாக ஓடும். பகலில் அக்கா வீட்டு பிளக்கில் சார்ஜ். அது சாதாரணமாக வாயு வெளிவிடாத சீல்டு பேட்டரியாக இருக்கட்டும், தூங்குகிற இடமாயிற்றே.

தமிழ்நாட்டுப் பதிவு வண்டி கர்நாடகத்தில் 12 மாதத்துக்கு மேல் தங்கினால் இங்கே பதிவை மாற்றியாக வேண்டும். நான் சனிக்கிழமைதோறும் ஓசூரில் எங்கள் வீட்டுக்குப் போய்விடுவேன், வண்டி தொடர்ந்து இங்கேயே நிற்கவில்லை என்று காட்ட டோல் ரசீதுகளை அழிக்காமல் வைத்திருந்தேன். துணி துவைப்பதும், மெத்தையை மொட்டை மாடியில் காயப்போடுவதும், அம்மா கையால் சாப்பிடுவதும் அந்த ஒன்றரை நாளில்தான். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குள் அத்திப்பள்ளி டோலைத் தாண்டிவிடுங்கள். அதற்குப் பிந்தினால் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்கிற நேரத்தில் முதல் வகுப்பு முடிந்திருக்கும்.