பாட்டை விட்டுவிட்டு ஸ்பீக்கரைக் கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். புதிதாக வாங்கிய ஹெட்போன், அதைவிடப் புதிதான, ஒலியைப் பெருக்கித் தரும் ஒரு குட்டி ஆம்ப், இரண்டையும் பச்சைக் குழந்தையைத் தூக்கி வருவது போலத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். "கேட்டுப் பாருங்கண்ணா" என்றான். நான் மாட்டிக்கொண்டதும் போனில் ஒரு பட்டியலைத் திறந்தான். எந்தப் பாட்டில் எத்தனையாவது நொடியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறான். "32-வது நொடில பாடகி மூச்சு இழுக்கிறது கேட்கும்ணா." கேட்டது. "இப்ப இடது பக்கம், கொஞ்சம் பின்னாடி, ஒரு ஷேக்கர் வரும்." வந்தது. 50-வது நொடியில் அடுத்த பாட்டுக்குத் தாவிவிட்டான். "ஏம்ப்பா, நல்லாத்தானே இருக்கு, முழுசா விடு, பல்லவிக்கு அப்புறம் எங்கே போகுது இது?" என்று கேட்டேன். "தெரியலண்ணா, இதுக்கு மேல கேட்டதில்லை" என்றான்.

சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அதே மாதிரி ஒரு பட்டியல், நோட்டில் கையால் எழுதியது, ஒரு காலத்தில் என்னிடமும் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். சத்தமாக வைத்துக் காதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், கடன் வாங்கி ஸ்பீக்கர் வாங்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

பிடித்த பாட்டைச் சோதனைக்குப் போடுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் இன்னும் ஆறவில்லை.

பரீட்சைக்குப் படித்த இரவுகளில், உள்ளங்கை அளவு ரேடியோவில், பாதி நேரம் இரைச்சலோடு நான் கேட்ட பாட்டு ஒன்று உண்டு. பெயர் வேண்டாம். அதில் இரண்டாவது சரணத்தின் கடைசி வரியில் குரல் மேலே ஏறும் என்று எதிர்பார்க்கும்போது, ஏறாமல் ஒரு படி கீழே இறங்கி அப்படியே நின்றுவிடும். மிச்சத்தைப் புல்லாங்குழல் வந்து முடித்து வைக்கும். அந்த இடம் வரும்போது எழுதிக்கொண்டிருந்த பேனா தானாக நிற்கும். அந்த ரேடியோவில் பேஸ் என்கிற அடித்தொனி கிடையாது, ஸ்டீரியோ கிடையாது, ஒரு குறையும் தெரிந்ததில்லை.

வேலைக்குப் போய்க் கையில் காசு வந்து இந்தக் கிறுக்கு பிடித்தபோது எல்லாரும் எனக்குச் சொன்ன புத்திமதி: "உனக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டைப் போட்டுப் பாரு, அப்பதான் வித்தியாசம் புரியும்." கருவியைச் சோதிக்க அது சரியான யோசனைதான். பாட்டுக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் அந்தப் பாட்டை எடுத்தேன். புது ஹெட்போனா, அந்தப் பாட்டின் முதல் நாற்பது நொடி. கேபிள் மாற்றினேனா, அதே நாற்பது நொடி. ஆம்ப், ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் ரப்பர் கட்டை, எல்லாவற்றுக்கும் அதே நாற்பது நொடி. 'ச' வரும் இடத்தில் சீறுகிறதா, ஜால்ரா அடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, குரல் நடுவில் நிற்கிறதா அல்லது அரை அடி விலகியிருக்கிறதா. இரண்டு வருஷம். எத்தனை நூறு தடவை என்று கணக்கில்லை.

அப்புறம் ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது ஓட்டுநர் அந்தப் பாட்டைப் போட்டார். ஜன்னல் ஓரம், சாயங்கால வெளிச்சம், பாட்டுக்கென்றே செய்தது போன்ற நேரம். எனக்குக் கேட்டதெல்லாம் 'ச' சீறியதுதான். ட்ரெபிள் என்கிற மேல்தொனியைத் தரும் ட்வீட்டர் கிழிந்திருக்கும் என்று மனசு குறித்துக்கொண்டது. பாட்டு பாதிக்கு மேல் போன பிறகுதான் நான் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதே உறைத்தது. உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை, பழைய அலுவலகத்தைத் தாண்டிப் போவது போல இருந்தது.

இது ஏன் நடக்கிறது என்று பிற்பாடு புரிந்துகொண்டேன். கேட்ட ஒலியின் நுணுக்கம் நினைவில் சில நொடிகளுக்கு மேல் நிற்காது. அதனால் இரண்டு கருவிகளை நேர்மையாக ஒப்பிட வேண்டுமென்றால் சின்னத் துண்டை மாற்றி மாற்றி, உடனுக்குடன் கேட்டாக வேண்டும். பாட்டு தரும் சுகம் இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. அது காத்திருப்பில் இருக்கிறது. 2011-ல் மாண்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆட்களை அவரவருக்குச் சிலிர்ப்புத் தரும் இசையையே கொண்டுவரச் சொல்லி மூளையைப் படம் பிடித்தார்கள். சிலிர்க்கும் கணத்தில் மூளையின் ஒரு பகுதியில் டோபமைன் என்ற இன்பம் சார்ந்த ரசாயனம் சுரக்கிறது, அந்தக் கணம் வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே வேறொரு பகுதியில் சுரக்கிறது என்று கண்டார்கள். நாற்பதாவது நொடியில் வெட்டுகிறவனுக்குக் காத்திருக்கவே நேரம் இல்லையே, வந்து சேருவது எங்கே? அதையே நூறு தடவை செய்தால், அந்தப் பாட்டு தொடங்கியதும் 'இனி வேலை பார்க்க வேண்டும்' என்று மனசு தானாக நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். காதுக்குள் ஒரு கணக்குப்பிள்ளையைக் குடிவைத்தது போல. வாடகை தராமல் வருஷக்கணக்கில் இருப்பார்.

சோதிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கும்போது சோதிக்கத்தான் வேண்டும். அதற்கு உங்கள் மனசுக்கு ஒட்டாத பாட்டாக நான்கு எடுங்கள், அவை செத்தாலும் நஷ்டமில்லை. அதைவிட நல்லது பேச்சு. தினமும் கேட்கும் ஒருவரின் குரலைப் போனில் பதிந்து ஓட விடுங்கள். மனிதக் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பது உங்கள் காதுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், மூக்கடைத்தது போலவோ நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து வருவது போலவோ கேட்டால் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடும். கைத்தட்டல் பதிவும் நல்ல சோதனைதான், மட்டமான கருவியில் அது மழை பெய்வது போலக் கேட்கும். ஒரே நாளில் முடித்துவிட்டு மூடி வையுங்கள். அப்புறம் ஒரு மாதத்துக்கு எந்தக் கருவியையும் மாற்றக் கூடாது, எந்தப் பாட்டையும் பாதியில் நிறுத்தக் கூடாது. பிடிக்காத பாட்டென்றால் தொடங்காதீர்கள். தொடங்கினால் முடியுங்கள்.

என் பாட்டு பாதிதான் திரும்பக் கிடைத்தது. ரொம்ப நாள் கழித்து ஒரு மாடி வீட்டு ஜன்னலிலிருந்து அது நடுவில் தொடங்கிக் காதில் விழுந்தது, இரண்டாவது சரணத்துக்குச் சற்று முன்னால். கால் நின்றுவிட்டது. நான் சோதித்துச் சோதித்துத் தேய்த்தது முதல் நாற்பது நொடியைத்தான், பின்பகுதியை எட்டிக்கூடப் பார்த்ததில்லை, அதனால் அது பிழைத்துக் கிடந்திருக்கிறது. இன்றைக்கும் அந்தப் பாட்டை நான் ஆரம்பத்திலிருந்து போடுவதில்லை.

சத்தம் கூடியதைத் தரம் கூடியதாக எண்ணுவது

இரண்டு கருவிகளில் எது கொஞ்சம் சத்தமாகக் கேட்கிறதோ அதுதான் ஜெயிக்கும். சத்தத்தை அளக்கும் கணக்கில் ஒரு டெசிபெல்லுக்கும் குறைவான வித்தியாசம் போதும், 'இது கொஞ்சம் சத்தம்' என்று காதுக்குப் படாது, 'இது தெளிவு, இதில் உயிர் இருக்கு' என்றுதான் படும். 1933-லேயே பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய விஷயம் இது: சத்தம் குறையும்போது நம் காதுக்கு அடித்தொனி மற்றவற்றைவிட அதிகமாகக் குறைந்து கேட்கும், கூட்டினால் திரும்பி வரும். நான் இது தெரியாமல் நன்றாக உழைத்துக்கொண்டிருந்த ஓர் ஆம்ப்பை விற்றுவிட்டுப் புதியதை வாங்கி, ஆகா என்ன நிறைவு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். புதியதில் வால்யூம் குமிழ் அதே இடத்தில் இருந்தாலும் சத்தம் கூடுதலாக வரும் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு ஆம்ப்களை ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால் ஒரே சோதனை ஒலியை இரண்டிலும் ஓட விட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து வோல்டேஜைச் சமன் செய்துவிட்டுக் கேளுங்கள். பாதி 'வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம்' அங்கேயே காணாமல் போகும்.

விமர்சனத்தைப் படித்துவிட்டுக் கேட்பது

கேட்டுவிட்டுப் படியுங்கள். படிக்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

திரையைப் பார்த்துக்கொண்டே கேட்பது

பாட்டு ஓடும்போது கண் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் பதிவு எவ்வளவு நுணுக்கமானது என்று கீழே மூலையில் காட்டும் எண்ணில்: 16 பிட்டா 24 பிட்டா, 44.1-ஆ 96-ஆ. 1982-ல் வந்த சிடி ஒலியை நொடிக்கு 44,100 தடவை, அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸில், அளந்து பதிகிறது, அதன் சரிபாதியான சுமார் 22,000 ஹெர்ட்ஸ் வரை அதில் அடங்கும். மனிதக் காதின் உச்சம் 20,000, அதுவும் இளம் வயதில். நடுவயதில் பலருக்கு 15,000-க்கு மேல் ஒன்றும் கேட்காது, எனக்கும் கேட்காது, சோதித்துப் பார்த்துவிட்டேன். ஆக அந்த எண் 96 என்று காட்டும்போது எனக்கு வந்த பரவசம் கண் வழியாக வந்தது. போனைக் கவிழ்த்து வையுங்கள். அடுத்த பாட்டு என்ன என்று தெரியாமல் இருப்பதிலும் ஒரு சுகம் உண்டு.

நாற்காலியை நகர்த்தாமல் கேபிளை மாற்றுவது

நான்கு மீட்டர் நீள அறையில் 43 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள அடித்தொனி சுவரோரம் குவிந்து நடு அறையில் ஏறக்குறைய மறைந்துவிடும். நடுவில் உட்கார்ந்துகொண்டு பேஸ் இல்லையே என்று கேபிள் வாங்கினவனை எனக்கு நெருக்கமாகத் தெரியும். நாற்காலியை இரண்டு அடி பின்னால் தள்ளுங்கள்.

அலசுவதே பாவம் என்று நினைப்பது

கருவிக் கிறுக்கு தெளிந்தவர்கள் நேராக இந்தப் பக்கம் வந்து விழுவார்கள். 'இனிமேல் எதையும் யோசிக்க மாட்டேன், கண்ணை மூடி உணரப் போகிறேன்.' இதுவும் தேறாது. பாட்டுக்குள் இருப்பதை அலசினால் பாட்டு பெரிதாகும், பாட்டுக்கு வெளியில் இருப்பதை அலசினால்தான் சின்னதாகும். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு பேஸ் கிட்டார் எங்கே போகிறது என்று மட்டும் தொடக்கத்திலிருந்து கடைசி வரை பின்தொடருங்கள். குரல் ஒரு கதை சொல்லும்போது அது கீழே வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருப்பது தெரியும். அடுத்த தடவை தாளத்தை மட்டும். சரணத்தில் தாளக்காரர் ஏன் ஓர் அடியை விட்டார், அந்த வெற்றிடம் ஏன் வார்த்தைக்கு அழுத்தம் கொடுத்தது என்று பிடிபட்ட அன்றைக்கு அந்தப் பாட்டு இன்னும் ஆழமாக இறங்கும். 'பேஸ் கிட்டார் என்ன சொல்கிறது' என்று கேட்பவனும் 'என் ஸ்பீக்கரில் பேஸ் போதுமா' என்று கேட்பவனும் ஒரே ஒலியைத்தான் கவனிக்கிறார்கள். இரண்டாமவனுக்குப் பாட்டு முடிந்ததுகூடத் தெரியாது.

சிலிர்ப்புக்காகக் காத்துக் கிடப்பது

விளக்கை அணைத்துவிட்டு, மயிர்க்கூச்செறிகிறதா என்று கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வராது. சிலருக்கு எப்போதுமே வராது, அவர்களும் பாட்டை ரசிக்கத்தான் செய்கிறார்கள்.

பழைய பதிவை இரைச்சல் என்று நிறுத்திவிடுவது

1925 வாக்கில் மைக் வைத்து மின்சார முறையில் பதியும் வழக்கம் வருவதற்கு முன்பு, பாடுகிறவர் ஒரு பெரிய கூம்புக்குள் பாட வேண்டும், அந்த ஒலியின் அழுத்தமே ஊசியை ஆட்டி மெழுகில் கோடு கீறும். மெல்லிய ஒலி பதியாது. வயலின் போதாமல் மரப்பெட்டிக்குப் பதில் உலோகக் கூம்பு வைத்த வயலினையே செய்தார்கள். உச்சத்தில் பாடும்போது பாடகர் பின்னால் நகர வேண்டும், தாழ்ந்து பாடும்போது கூம்புக்குள் தலையை நீட்ட வேண்டும். இத்தாலியப் பாடகர் கரூசோ 1902-ல் மிலானில் ஒரு ஹோட்டல் அறையில் இப்படிப் பாடிப் பதிந்த பாட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. முதல் ஒரு நிமிஷம் இரைச்சல்தான் கேட்கும். காதுக்குப் பொறுமை இருந்தால், பக்கத்து அறைப் பேச்சு பழகிப்போவது போல இரைச்சல் பழகிவிடும், பிறகு ஓர் ஆள் பாடுவது மட்டும் இருக்கும். கணக்குப்பிள்ளைக்கு இங்கே வேலை கிடையாது, அளக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் கருவிப் பித்து பிடித்து வருகிறவர்களை நான் முதலில் இதைக் கேட்கச் சொல்வது.

அந்தத் தம்பிக்கும் போட்டேன், அவனுடைய ஹெட்போனிலேயே. போனை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன். நடுவில் இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தான், அப்புறம் பார்க்கவில்லை. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

"ட்ரெபிளே இல்லையேண்ணா" என்றான்.

சரி, எனக்கு எத்தனை வருஷம் ஆனது, அவனுக்கு ஒரே சாயங்காலத்தில் வந்துவிடுமா. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பாட்டைப் போட்டேன்.