1000 யார்டு எஃப் கிளாஸுக்கு ரெட்டிகிள் எப்படிப் பார்த்து எடுக்கிறது, எப்படி செட் பண்றது

ஸ்கோப் வாங்கப் போறவங்க முதல்ல கேட்கிறது எத்தனை எக்ஸ் ஸூம், என்ன விலை, இந்த ரெண்டுதான். உள்ள குறி வைக்க இருக்கிற கோடு, அதாவது ரெட்டிகிள், எப்படி இருக்குன்னு கடைசியாதான் பார்ப்பாங்க. ஆனா மேட்ச் முழுக்க உங்க கண்ணு பார்த்துட்டே இருக்கப் போறது அந்தக் கோட்டைத்தான், அதனால நான் அங்க இருந்தே ஆரம்பிக்கச் சொல்வேன்.

டிவில நாம பார்க்கிற ஒலிம்பிக் ரைபிள் போட்டியில ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது, அதெல்லாம் பீப் சைட், அதாவது சின்ன ஓட்டை வழியா பார்த்து குறி வைக்கிறது. எஃப் கிளாஸ் வேற. வயசாகி கண்ணு மங்கினவங்களும் லாங் ரேஞ்ச் சுடுறதை விட்டுடக் கூடாதுன்னு கனடாவுல ஜார்ஜ் ஃபார்குஹார்சன் கொண்டு வந்தது. படுத்துக்கிட்டு, முன்னாடி ரெஸ்ட்டோ பைபாடோ (ரெண்டு கால் ஸ்டாண்ட்) வச்சு, ஸ்கோப் போட்டு சுடலாம்.

ரெட்டிகிளுக்கு முன்னாடி டார்கெட்டைத் தெரிஞ்சுக்கணும். அமெரிக்க எஃப் கிளாஸ் டார்கெட்ல 1000 யார்டுக்கு நட்டநடு வளையமான எக்ஸ் ரிங் குறுக்களவு 5 இன்ச், 10 ரிங் 10 இன்ச், 9 ரிங் 20 இன்ச், கருப்பு வட்டம் மொத்தம் 44 இன்ச். எம்ஓஏ-ங்கிறது கோண அளவு, ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு; அந்த தூரத்துல 1 எம்ஓஏ-ன்னா 10.47 இன்ச், அதாவது 10 ரிங் கிட்டத்தட்ட ஒரு எம்ஓஏ, எக்ஸ் அதுல பாதி. இப்ப நடுவுல 1/4 எம்ஓஏ டாட் (புள்ளி) இருக்கிற ரெட்டிகிளை வச்சா அது 2.6 இன்ச்சை மறைக்கும், எக்ஸ் ரிங்கோட குறுக்களவுல பாதி போச்சு. 1/8 எம்ஓஏ டாட்னா 1.3 இன்ச்தான். இதனாலதான் எஃப் கிளாஸ் ஆளுங்க 1/8 டாட் இல்லன்னா ரொம்ப மெல்லிசான கிராஸ்ஹேர் (கூட்டல் குறி மாதிரி கோடு)னு போறாங்க.

ரெட்டிகிள் ஸ்கோப்புக்குள்ள எந்த இடத்துல இருக்கு, ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேனா செகண்டான்னு நிறைய பேர் குழம்புறாங்க. ஃபர்ஸ்ட்ல ஸூம் பண்ணப் பண்ண கோடும் கூடவே பெருசாகும், எந்த ஸூம்லயும் அளவு சரியா இருக்கும், தூரம் மாறி மாறி சுடுற பிஆர்எஸ் (பிரிசிஷன் ரைபிள் சீரீஸ்) மாதிரி போட்டிக்கு அது வேணும். எஃப் கிளாஸ்ல தூரம் முன்னாடியே தெரியும், அதனால அந்த வசதிக்கு இங்க வேலையே இல்ல. செகண்ட் ஃபோகல் பிளேன்ல கோடு அப்படியே நிக்கும், டார்கெட் மட்டும் பெருசாகும், அதனால ஸூம் கூடக் கூட கோடு மறைக்கிற இடம் குறையும். நைட்ஃபோர்ஸ் காம்பெட்டிஷன் 15-55, வோர்டெக்ஸ் கோல்டன் ஈகிள் 15-60 ரெண்டுமே செகண்ட்தான், ரெண்டுலயும் திருகுற டர்ரெட்டோட ஒரு கிளிக் 1/8 எம்ஓஏ.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, செகண்ட்ல ஹேஷ் மார்க்கோட (கோட்டு மேல அளவுக்குப் போட்டிருக்கிற சின்னக் கோடு) அளவு ஒரே ஒரு ஸூம்லதான் உண்மை, அது எதுன்னு மேனுவல்ல போட்டிருக்கும். 40 எக்ஸ்ல 1 எம்ஓஏ காட்டுற மார்க், 20 எக்ஸுக்கு இறக்கினா 2 எம்ஓஏ ஆயிடும். மதியம் மிராஜ் (சூட்டுல காத்து அலையலையா தெரியுறது) கொதிக்கும்போது 50-ல டார்கெட் ஆடும், 30-க்கு இறக்கித்தான் ஆகணும், அந்த நேரத்துல கணக்கு போட்டுட்டு இருக்க முடியாது, அதனால நீங்க யூஸ் பண்ற ரெண்டு மூணு ஸூமுக்கு மார்க் மதிப்பை ஒரு டேப்ல எழுதி ஸ்கோப் மேலயே ஒட்டிடுங்க.

மார்க் நிறைய இருந்தா நல்லதுன்னு நினைக்காதீங்க. கிறிஸ்மஸ் ட்ரீ மாதிரி கீழ விரியுற ரெட்டிகிள் இந்த விளையாட்டுக்கு இடைஞ்சல்தான், ஏன்னா டார்கெட்டோட வெள்ளை ரிங்குகளே உங்களுக்கு ஸ்கேல். .308 தோட்டாவுக்கு 1000 யார்டுல பக்கவாட்டுக் காத்து மணிக்கு ஒரு மைல் கூடினாலே குண்டு சுமார் 8 இன்ச் தள்ளிப் போகும். நடுவைக் குறி வச்சு விட்ட போன ஷாட்டோட ஸ்பாட்டர் (குண்டு பட்ட இடத்துல மாட்டுற அடையாளத் தட்டு) 9 ரிங் கோட்டுல வலது பக்கம் உட்கார்ந்திருக்கா, காத்து அப்படியேதான் இருக்கா, அப்ப டாட்டை இடது 9 ரிங் கோட்டுல வச்சு விடுங்க, அவ்ளோதான். நிலையா அடிக்கிற காத்துக்கு டர்ரெட்ல டயல் பண்ணுங்க, நடுவுல வர்ற ஏத்த இறக்கத்துக்கு இப்படி குறியை நகர்த்தி ஹோல்ட் பண்ணுங்க. படுக்கைக் கோட்டுல 1 எம்ஓஏ-க்கு ஒரு மார்க் இருந்தா உதவி, அதுக்கு மேல எனக்கு வேண்டாம்.

செட் பண்ணும்போது முதல் வேலை ஐபீஸ், அதாவது கண்ணு வைக்கிற பக்கத்து லென்ஸ். ரைபிளோட போல்ட்டைக் கழட்டி வச்சுட்டு, ஸ்கோப்பை வெறும் வானத்துப் பக்கம் (சூரியன் இருக்கிற பக்கம் கூடவே கூடாது) திருப்பி, ரெண்டு செகண்ட் மட்டும் பாருங்க, கண்ணை எடுங்க, ஐபீஸைக் கொஞ்சம் திருப்புங்க, திரும்பப் பாருங்க. முறைச்சுப் பார்த்துட்டே இருந்தா கண்ணு தானா ஃபோகஸ் பண்ணிக்கும், உங்களுக்கு சரியா இருக்கிற மாதிரியே தோணும். பார்த்த உடனே கோடு கூர்மையா தெரியணும். அப்புறம் பாரலாக்ஸ், அதாவது கண்ணு நகர்ந்தா டாட்டும் நகர்ற மாதிரி தெரியுறது. சைடு நாப்பைத் திருப்பி, தலையை லேசா அசைச்சுப் பார்த்தா டாட் டார்கெட் மேல நகரக் கூடாது. நாப் மேல போட்டிருக்கிற தூர எண்ணை நம்பாதீங்க, தலை அசைச்சுப் பார்க்கிறதுதான் டெஸ்ட்.

அடுத்து லெவல், இதுல சோம்பல் படக் கூடாது. மேல்நோக்கி 30 எம்ஓஏ டயல் பண்ணியிருக்கும்போது ரைபிளும் ரெட்டிகிளும் சேர்ந்து 1 டிகிரி சாய்ஞ்சா குண்டு அரை எம்ஓஏ பக்கவாட்டுல போகும், 1000 யார்டுல அது 5 இன்ச்சுக்கு மேல, ஒரு முழு எக்ஸ் ரிங் அகலம். கொஞ்ச தூரத்துல ஒரு தூக்குக்குண்டைத் தொங்க விடுங்க, கொத்தனார் வச்சிருக்கிறதே போதும், நூலோட நிமிர்ந்த கோடு ஒண்ணா விழுற வரைக்கும் திருப்பிட்டு, ஸ்கோப் மேல பபிள் லெவலை அதுக்கு ஏத்த மாதிரி இறுக்குங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் பபிளைப் பார்த்துட்டுத்தான் ட்ரிகர்.

கடைசியா ஒண்ணு, டார்கெட்டோட கருப்பு வட்டத்து மேல கருப்பு மெல்லிசுக் கோடு சில கண்ணுக்குக் காணாமலே போயிடும், முக்கியமா சாயங்காலம். அப்படி இருந்தா நடு டாட் மட்டும் சிவப்பா எரியுற மாடல் பாருங்க, வெளிச்சத்தை ரொம்பக் குறைச்சு வையுங்க, கூட்டினா டாட் பூத்து எக்ஸையே மூடிடும். இதெல்லாம் கடைக்குள்ள வெள்ளைச் சுவத்தைப் பார்த்தா தெரியாது. முடிஞ்சா ரேஞ்சுல யார்கிட்டயாவது அதே மாடல் இருக்கான்னு கேட்டு, மிராஜ் இருக்கிற நேரமா பார்த்து, டார்கெட்டோட கருப்பு வட்டத்து மேல வச்சுப் பார்த்துட்டு அப்புறம் காசு கொடுங்க.