திட்ட அட்டவணை போடும் மென்பொருளான எம்எஸ் ப்ராஜெக்ட்டில் வேலைகளைக் கோர்ப்பது எப்படி?

முதலில் திரையின் அடியில் ‘நியூ டாஸ்க்ஸ்’ என்பதை ‘ஆட்டோ ஷெட்யூல்டு’க்கு மாற்றுங்கள். மேனுவலில் விட்டால் முந்தைய வேலை தள்ளிப்போகும்போது அடுத்தது தானாக நகராது. ‘ப்ரெடிசெசர்ஸ்’ பத்தியில் முந்தைய வேலையின் வரிசை எண்ணை அடித்தால், அது முடிந்த பிறகே இது தொடங்கும். தொடக்கத் தேதியை மட்டும் கையால் அடிக்காதீர்கள். ‘இந்தத் தேதிக்கு முன் தொடங்காதே’ என்ற கட்டுப்பாடு ஒட்டிக்கொள்ளும். பிறகு முந்தைய வேலை சீக்கிரம் முடிந்தாலும் இது முன்னால் வராது.

கான்கிரீட் ஈரத்தோடு இறுக 7 நாள் கியூரிங் விட வேண்டுமா? இரு வேலைகளுக்கு நடுவில் விடும் இடைவெளியான ‘லேக்’ கட்டத்தில் வெறும் 7 நாள் கொடுத்தால் சனி, ஞாயிறை விட்டுவிட்டு எண்ணும். கான்கிரீட்டுக்கு ஏது ஞாயிறு? விடுமுறையையும் சேர்த்து எண்ணும் ‘எலாப்ஸ்டு டேஸ்’ அலகில் கொடுங்கள்.

ஒரே கொத்தனாருக்கு ஒரே நாளில் இரண்டு முழுநேர வேலை விழுந்தால் வரிசையின் ஓரத்தில் சிவப்பு மனித உருவம் தெரியும். உடனே, மோதும் வேலைகளைத் தள்ளிவைத்துச் சரிசெய்யும் ‘லெவல் ஆல்’ பொத்தானை அழுத்தினால் முடிவுத் தேதியே தள்ளிப்போகலாம். கோப்பை வேறு பெயரில் சேமித்துவிட்டு, ‘லெவலிங் ஆப்ஷன்ஸ்’ போய், கையிருப்பு ஸ்லாக்குக்குள் (முடிவுத் தேதி தள்ளாமல் வேலை தாமதிக்கக்கூடிய அவகாசம்) மட்டும் லெவல் செய்யும் தேர்வை டிக் செய்து பாருங்கள்.