கனடாவில் கூடைப்பந்து ஆடும் பிள்ளைக்குக் கல்லூரியா, பல்கலைக்கழகமா: வேலூர்க் குடும்பங்கள் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து கனடாவில் குடியேறிய குடும்பங்களில், கூடைப்பந்து ஆடும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை நெருங்கும்போது, எங்கே சேர்ப்பது என்ற பேச்சில் காட்பாடியில் இருக்கும் தாத்தாவும் சத்துவாச்சாரியில் இருக்கும் தாய்மாமனும் கலந்துகொள்வது இயல்பு. அந்த யோசனை பயன்பட வேண்டுமானால், நம் ஊர் நடைமுறையை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். இங்கே மாவட்ட, மாநிலப் போட்டிச் சான்றிதழ்களைச் சேர்த்து விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கிறோம். அங்கே அணிக்கு ஆள் எடுப்பவர் பயிற்சியாளர். அவர் கேட்பவை ஆட்டத்தின் காணொளியும் மதிப்பெண் பட்டியலும்தாம்.

வழிகள் மூன்று. கனடாவின் பல்கலைக்கழகங்கள் யூ ஸ்போர்ட்ஸ் அமைப்பின் கீழ் ஆடுகின்றன. தொழில் சார்ந்த டிப்ளமோக்களை முதன்மையாக வழங்கும் கல்லூரிகள் சி.சி.ஏ.ஏ. என்ற அமைப்பில் இருக்கின்றன. மூன்றாவது அமெரிக்காவின் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.; அதில் மூன்று பிரிவுகள் உண்டு. பெரும்பாலான வீடுகளில் அமெரிக்கா என்ற பெயரைக் கேட்டதும் பேச்சு முடிந்துவிடுகிறது, ஆனால் ஒப்பீடு தொடங்க வேண்டிய இடமே அதுதான்.

பணத்திலிருந்து தொடங்குங்கள். யூ ஸ்போர்ட்ஸ் விதிப்படி விளையாட்டுக்கான உதவித்தொகை, கல்விக்கட்டணமும் கட்டாயக் கட்டணங்களும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. விடுதியும் சாப்பாடும் குடும்பத்தின் கணக்கில்தான் வரும். என்.சி.ஏ.ஏ. முதல் பிரிவில் முழு உதவித்தொகை கிடைத்தால் தங்குமிடம், உணவு, புத்தகம் வரை அடங்கும். இரண்டாம் பிரிவில் பகுதி உதவியே அதிகம். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. ஆகவே ‘என்.சி.ஏ.ஏ.வில் இடம் கிடைத்தது’ என்ற செய்தி வந்ததும், எந்தப் பிரிவு, எத்தனை டாலர், அது ஓராண்டுக்கா படிப்பு முடியும் வரையா என்று கேளுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஆண்டு முழுவதற்கும் ஆகும் மொத்தச் செலவிலிருந்து எழுத்தில் உறுதியான உதவியைக் கழித்து, மீதியை ஒரே நாணயத்தில் எழுதிப் பாருங்கள். வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய டொரொன்டோப் பல்கலைக்கழகம் ஒன்று, தூரத்து அமெரிக்கக் கல்லூரியைவிட மலிவாக வருவது அரிதல்ல.

குடியுரிமையையும் மறந்துவிடக் கூடாது. கனடியக் குடிமக்கள் அமெரிக்காவில் படிக்க விசா முத்திரை தேவையில்லை. சேர்க்கைக்குச் சான்றாகக் கல்லூரி தரும் ஐ-20 படிவமும், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணமும் போதும். இந்தியக் கடவுச்சீட்டோடு கனடாவில் நிரந்தரவாசியாக இருக்கும் பிள்ளை எஃப்-1 என்ற மாணவர் விசா வாங்கியே ஆக வேண்டும்.

பாடத்தேர்வுதான் பலரைக் கடைசி நேரத்தில் தடுக்கிறது. டொரொன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பல்கலைக்கழகம் சேர, பன்னிரண்டாம் வகுப்பில் ‘யூ’ (பல்கலைக்கழகத்துக்கானவை) அல்லது ‘எம்’ (இரண்டுக்கும் பொதுவானவை) வகைப் பாடங்கள் ஆறு வேண்டும்; ‘சி’ (கல்லூரிக்கானவை) வகைப் பாடங்களையே எடுத்தவருக்குக் கல்லூரிக் கதவு மட்டும் திறந்திருக்கும். என்.சி.ஏ.ஏ. முதல் இரண்டு பிரிவுகளுக்கு, ஒன்பதாம் வகுப்பு முதலே எண்ணப்படும் 16 அடிப்படைப் பாடங்கள் தேவை. எனவே இந்தக் கணக்கை ஒன்பதாம் வகுப்பிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது, களத்தில் இறங்கும் நேரம். ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆண்கள் அணி 2003 முதல் 2023 வரை 17 முறை தேசியப் பட்டம் வென்றது. அப்படிப்பட்ட அணியில் சேர்வது பெருமைதான்; ஆனால் ஈராண்டு பெஞ்சில் அமர்ந்திருப்பதைவிட, சிறிய அணியிலோ நல்ல சி.சி.ஏ.ஏ. கல்லூரியிலோ தினமும் ஆடி, பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது பல பிள்ளைகளுக்கு மேலானது என்பது என் உறுதியான கருத்து. அணியின் இணையதளத்தில் வீரர் பட்டியலைத் திறந்து, உங்கள் பிள்ளை ஆடும் அதே இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் எந்த ஆண்டில் படிக்கிறார்கள் என்று பாருங்கள். யூ ஸ்போர்ட்ஸில் ஒருவர் ஐந்தாண்டு ஆடலாம் என்பதால், மூன்றாம் ஆண்டு மாணவர் அடுத்த பருவமே போய்விடுவார் என்று எண்ணக் கூடாது.

ஆட்ட விதியும் வேறுபடுகிறது. கனடியப் பல்கலைக்கழகங்கள் சர்வதேச விதியைப் பின்பற்றி, 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கும், பந்தைக் கூடைக்கு எறிய ஒரு அணிக்குக் கிடைக்கும் நேரத்தை அளக்கும் 24 வினாடிக் கடிகாரமுமாக ஆடுகின்றன; என்.சி.ஏ.ஏ. ஆண்கள் ஆட்டம் 20 நிமிடப் பாதிகள் இரண்டு, 30 வினாடிக் கடிகாரம். ஐரோப்பாவிலோ, யூ ஸ்போர்ட்ஸ் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் தொழில்முறைத் தொடரான கனடியன் எலீட் லீகிலோ ஆட விரும்புபவருக்குச் சர்வதேச விதியில் பழகுவது உதவும்.

இங்கிருக்கும் பெரியவர்களும் இதில் கைகொடுக்கலாம். குளிர்காலத்தில் டொரொன்டோவில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் வேலூரில் மறுநாள் காலை ஆறரைக்கு வரும். இணையத்தில் ஒளிபரப்பாகும் சில ஆட்டங்களைப் பார்த்து, முதலாண்டுப் பிள்ளைகளைப் பயிற்சியாளர் எத்தனை நிமிடம் இறக்குகிறார் என்று குறித்து அனுப்புங்கள். காயம் பட்டால் உதவித்தொகை நிற்குமா, ஆய்வக வகுப்பும் பயிற்சியும் ஒரே நேரத்தில் வந்தால் எது விட்டுக்கொடுக்கப்படும் என்ற கேள்விகளைப் பயிற்சியாளரிடம் பிள்ளையே எழுதிக் கேட்க வேண்டும். பெற்றோர் பெயரில் போகும் கடிதத்தைவிட அதற்கே மதிப்பு அதிகம்.