தூண்டில் புழு விற்கும் பிள்ளைக்கு

மண்புழுவைப் பிடிப்பது எளிது. அதை உயிரோடு வைத்திருப்பதில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது. தூண்டில்காரர் காசு கொடுப்பது முள்ளில் நெளியும் புழுவுக்கு. துவண்டு கிடப்பதை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். அதனால் பிள்ளை முதலில் பெட்டியைத் தயார் செய்யட்டும், மண்வெட்டியைப் பிறகு தொடலாம்.

ஓர் அடி ஆழமுள்ள, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். மூடியிலும் அடியிலும் ஆணியால் சிறு துளைகள் போடுங்கள். கிழித்த செய்தித்தாள், ஊறவைத்த தென்னை நார்க்கழிவு, இரண்டு கைப்பிடி மண் மூன்றையும் கலந்து முக்கால் பாகம் நிரப்புங்கள். வழவழப்பான வண்ணத்தாள் வேண்டாம். புழு தோலால் சுவாசிக்கிறது. தோல் காய்ந்தாலும் சாகும், தண்ணீர் தேங்கிக் காற்றில்லாமல் போனாலும் சாகும். எனவே தினமும் ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டு வந்தால் பதம் சரி. ஒழுகினால் காய்ந்த தாளைக் கிழித்துச் சேருங்கள். ஒன்றுமே வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்த வாளியில் வைத்துவிட்டு ஊற்றுவது நல்லது. பெட்டி எப்போதும் நிழலில் இருக்கட்டும். வெயிலில் வைத்த பெட்டி ஒரு மத்தியானத்தில் மொத்தமாகப் போய்விடும்.

மழை விட்ட இரவில் புழுக்கள் மேலே வரும். புழுவுக்குக் கண் கிடையாது, ஆனால் தோல் வெளிச்சத்தை உணரும். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினால் அவ்வளவாக மிரளாது. பாதி உடம்பு வளைக்குள் இருக்கும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். உடம்பிலுள்ள நுண்முட்களால் மண்ணைப் பற்றிக்கொண்டு அறுந்துவிடும். வளையை ஒட்டிப் பிடித்து, அது பிடி தளர்த்தும்வரை பொறுத்தால் முழுசாக வரும். அறுந்ததைப் பெட்டியில் சேர்க்கவே கூடாது. அழுகி மற்றதையும் கெடுக்கும். பூச்சிமருந்து அடித்த நிலத்தில் பிடிக்காதீர்கள். அடுத்தவர் நிலமென்றால் கேட்டுவிட்டு இறங்குங்கள். மண்ணில் மின்சாரம் பாய்ச்சிப் புழு எடுக்கும் முறையைப் பிள்ளை கையில் ஒருபோதும் கொடுக்காதீர்கள், உயிர் போகும்.

தொடர்ந்து விற்க வேண்டுமென்றால் உரக்குழியில் வளரும் செம்புழுவைத் தனிப்பெட்டியில் பெருக்கலாம். முட்டைக்கூடு பொரிய ஏறத்தாழ மூன்று வாரம், குஞ்சு பருவத்துக்கு வர மேலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து பெரிய புழுக்களை எல்லாம் விற்றுவிட்டால் பெட்டி காலி. மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி காய்கறித் தோலைப் புதைத்து வையுங்கள். எலுமிச்சை, உப்பு, எண்ணெய், இறைச்சி ஆகாது. போட்டது தீருமுன் அடுத்ததைப் போட்டால் புளித்த வாடை அடிக்கும், புழுக்கள் சுவரேறித் தப்பப் பார்க்கும். அப்போது மீந்த தீனியை அள்ளி எறிந்து, படுக்கையில், அதாவது பெட்டியில் நிரப்பிய தாள், நார், மண் கலவையில், பாதியை மாற்றுங்கள்.

விற்பனைக்கு அன்று காலையில் எண்ணினால் போதும். வெளிச்சத்தில் ஒரு தாளின்மேல் படுக்கையைக் குவித்தால் புழுக்கள் அடியில் போய்த் திரளும்; மேலிருந்து வழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் புழு மட்டும் மிஞ்சும். துளையிட்ட சிறு டப்பாவில் ஈரப்படுக்கையோடு 12 என்று சொல்லி 13 வையுங்கள். ஒன்று செத்திருந்தாலும் கணக்கு குறையாது. விடுமுறை நாள் விடியற்காலைதான் நல்ல நேரம். நீர்நிலை ஓரம் விற்றால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

டப்பாவுக்கும் தீனிக்கும் வீட்டில் கொடுத்த பணத்தைக் கடனாகவே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அது அடைந்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம். பெற்றோர் சத்தமில்லாமல் செலவை ஏற்றுக்கொண்டால் பிள்ளைக்கு விலை வைக்கவே தெரியாமல் போகும்.

விற்காத புழுவைப் பெட்டிக்கே திருப்புங்கள். வாங்குபவரிடமும் மிச்சத்தைக் காட்டில் கொட்ட வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். வெளியிடத்துப் புழு சில காடுகளின் சருகு மண்ணையே அழித்திருக்கிறது.