சேனல் பிரித்த ஈ1 லைன்: ரூட்டரில் அமைப்பதும் சோதிப்பதும்

ஈ1 என்பது தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தரும் ஒருவகை டிஜிட்டல் லைன். அதன் வேகம் நொடிக்கு 2.048 மெகாபிட். இதில் 64 கிலோபிட் வீதம் 32 டைம்ஸ்லாட்கள் (நேரப் பங்குகள்) உண்டு. 0ஆவது ஸ்லாட் பிரேமிங்குக்கு, அதாவது ஒவ்வொரு சுற்றும் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதற்குப் போய்விடும். தரவுக்கு 1 முதல் 31 வரை மிஞ்சும். 16ஆவது ஸ்லாட்டைச் சிலர் சிக்னலிங்குக்கு (அழைப்புக் கட்டுப்பாட்டுக்கு) ஒதுக்கிவிடுவார்கள். அப்போது கிடைப்பது 1984 அல்ல, 1920 கிலோபிட்தான்.

ரூட்டரைத் தொடுவதற்கு முன் லைன் தருபவரிடம் நான்கு விவரங்களை எழுத்தில் வாங்குங்கள்: பிரேமிங்கில் சிஆர்சி4 (பிழை கண்டறியும் சோதனை) உண்டா, லைன் கோடு (பிட்களை மின்துடிப்புகளாக்கும் முறை) எச்டிபி3யா ஏஎம்ஐயா, எந்தெந்த டைம்ஸ்லாட்கள், கிளாக் (பிட்களுக்கு நேரம் கொடுக்கும் துடிப்பு) யாருடையது. கேபிளையும் பார்த்துக்கொள்ளுங்கள். 120 ஓம் முறுக்குக் கம்பியையும் 75 ஓம் கோஆக்சியலையும் பலூன் (இரண்டையும் பொருத்தும் மாற்றி) இல்லாமல் இணைக்கக் கூடாது.

சிஸ்கோ ரூட்டரில் 'கன்ட்ரோலர் ஈ1 0/0/0' என்று நுழைந்து, 'பிரேமிங் சிஆர்சி4', 'லைன்கோட் எச்டிபி3', 'கிளாக் சோர்ஸ் லைன்' ஆகியவற்றைக் கொடுங்கள். பிறகு 'சேனல்-குரூப் 0 டைம்ஸ்லாட்ஸ் 1-10' என்றால் 640 கிலோபிட் வேகத்தில் 'சீரியல் 0/0/0:0' தானாக உருவாகும். ஐபி முகவரியும் என்காப்சுலேஷனும் (தரவைப் பொதியும் முறை) அதன் கீழ்தான். ஸ்லாட்களைப் பின்னால் மாற்ற வேண்டுமானால் சேனல் குரூப்பை நீக்க வேண்டும், அதோடு சீரியல் இன்டர்பேஸும் போய்விடும். அதன் அமைப்புகளை முன்பே நகலெடுத்து வையுங்கள்.

அதிகம் தவறுவது கிளாக்கில்தான். லைன் தருபவரின் கருவியோடு இணையும்போது 'லைன்'. இரண்டு ரூட்டர்களை நேரடியாக இணைத்தால் ஒன்று 'இன்டர்னல்', மற்றது 'லைன்'. இரண்டும் இன்டர்னலாக இருந்தால் லைன் மேலே வந்துவிடும், எல்லாம் சரி என்றே தோன்றும். ஆனால் இரு கிளாக்குகளுக்கும் இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே நொடிக்கு சுமார் 102 பிட் விலகும். 256 பிட் கொண்ட ஒரு பிரேம் 2.5 நொடிக்கு ஒருமுறை தொலையும் அல்லது இரட்டிக்கும். இதுதான் ஸ்லிப். கன்ட்ரோலரில் ஸ்லிப் எண்ணிக்கை சீராக ஏறிக்கொண்டே போனால் கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். முதலில் கிளாக்கைப் பாருங்கள்.

சோதனையை உங்கள் முனையிலிருந்து தொடங்கி வெளியே நகர்த்துங்கள். ஆர்ஜே-48 பிளக்கில் 1ஐ 4உடனும் 2ஐ 5உடனும் இணைத்து லூப் பிளக் (அனுப்புவதையே திருப்பித் தருவது) செய்து போர்ட்டில் செருகுங்கள். இப்போது கிளாக்கைத் தற்காலிகமாக 'இன்டர்னல்' ஆக்குங்கள்; வெளியிலிருந்து கிளாக் வராது. என்காப்சுலேஷன் எச்டிஎல்சியாக இருக்கட்டும், ஏனென்றால் இன்னொரு முறையான பிபிபி லூப்பைக் கண்டால் மேலே வராது. கீப்அலைவையும் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது அனுப்பும் செய்தி) அணைக்காதீர்கள், அணைத்தால் புரோட்டோகால் எப்போதும் 'அப்' என்றே பொய் சொல்லும். சீரியலில் 'லூப்ட்' என்று வந்தால் கார்டு நல்லது.

லூப்பில் இருந்தபடியே சொந்த முகவரிக்கு 1500 பைட் பாக்கெட்டில் 1000 பிங் அனுப்புங்கள், ஒருமுறை முழுக்க பூஜ்ஜியமாக, ஒருமுறை முழுக்க ஒன்றாக. எச்டிஎல்சி ஐந்து ஒன்றுகளுக்குப் பின் ஒரு பூஜ்ஜியத்தைச் செருகிவிடுவதால் கடினமான சோதனை பூஜ்ஜியத் தொடர்தான். பிளக்கை எடுத்துவிட்டு, தொலைமுனையில் லூப் போடச் சொல்லி, கிளாக்கை 'லைன்' ஆக்கி இதையே மறுபடி செய்யுங்கள். அங்கே பூஜ்ஜியம் மட்டும் தோற்றால் வழியில் எங்கோ லைன் கோடு பொருந்தவில்லை.

அலாரங்கள் திசை காட்டும். எல்ஓஎஸ் என்றால் சிக்னலே வரவில்லை: ரிசீவ், டிரான்ஸ்மிட் இணைகள் மாறியிருக்கலாம். ஏஐஎஸ் என்றால் உங்கள் கேபிள் நல்லது, பழுது அதற்கு அப்பால். ஆர்ஏஐ என்றால் நீங்கள் அனுப்புவது மறுமுனைக்கு ஒழுங்காகப் போகவில்லை.

கன்ட்ரோலரில் பிழையே இல்லை, ஆனால் சீரியல் புரோட்டோகால் கீழே, சிஆர்சி பிழைகளும் அபார்ட்டும் (பாதியில் முறிந்த பிரேம்கள்) ஏறுகின்றனவா? பெரும்பாலும் டைம்ஸ்லாட் பொருந்தவில்லை. ஒருபுறம் 1-10, மறுபுறம் 1-15 என்றிருந்தால் பிரேமிங் அதைக் கண்டுகொள்ளாது.

முடிந்ததும் லூப்பை எடுத்துவிட்டீர்களா, கிளாக் 'லைன்'இல் இருக்கிறதா, என்காப்சுலேஷன் பழையபடி ஆனதா என்று பாருங்கள். ரூட்டர் 15 நிமிடத் துண்டுகளாகக் கணக்கு வைக்கிறது, ஒரு நாளைக்கு 96. போக்குவரத்து ஓடும்போது எடுத்த நான்கு துண்டுகளாவது ஸ்லிப், லைன் கோடு பிழை, பாத் கோடு பிழை (சிஆர்சி4 காட்டுவது) மூன்றிலும் 0 காட்டிய பிறகே லைனை ஒப்படையுங்கள்.